இருட்டாகத் தெரிந்த கம்பம்

கண்ணாடியைத் துடைப்பதற்காகக் கழற்றியபோதுதான் விஜிலா அந்த வெளிச்சத்தை முதலில் பார்த்தாள்.

கல்லூரி விட்டு, கணவன் ஜோன்ஸின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். துறைமுகச் சாலையின் இருபுறமும் உப்பளம். சூரியன் இறங்கிவிட்டது, வானத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. காற்றில் வந்த உப்புப் பிசுக்கு கண்ணாடியில் படிந்து, எதிரே வந்த லாரிகளின் விளக்கையெல்லாம் கலைத்துப் போட்டது. கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தினாள். உப்பளத்துக்குள் வரிசையாகப் போன மின்கம்பங்களில் ஒன்றின் உச்சியில் ஏதோ எரிந்தது.

"இஞ்சேருங்க, நிறுத்துங்க. அந்தக் கம்பத்துல தீப்பிடிச்சிருக்கு."

ஜோன்ஸ் ஓரங்கட்டினான். "எங்கன?"

"அங்கன. தகரக் கொட்டகைக்கு மேல."

"ஒண்ணும் இல்லியே விஜி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கம்பம் துல்லியமாகத் தெரிந்தது. குறுக்குச் சட்டம், அதன்மேல் பீங்கான் இன்சுலேட்டர்கள், ஓரத்தில் ஒரு காக்கை. எதுவும் எரியவில்லை. மறுபடியும் கழற்றினாள். எல்லாம் கலங்கிப்போய்க் கம்பம் ஒரு கரிக்கோடாக நின்றது. அதன் உச்சியில் அந்த வெளிச்சம் அசையாமல் இருந்தது.

அவளுக்குப் பயம் பிடித்தது. கம்பத்தை நினைத்து அல்ல, கண்ணை நினைத்து.

விஜிலாவின் இடது கண் பிறந்ததிலிருந்தே மங்கல். வலது கண்ணை வைத்துத்தான் நாற்பத்தாறு வயது வரை படித்தாள், இயற்பியலில் ஆராய்ச்சி செய்தாள், பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்தினாள். அந்தக் கண்ணில் சீக்கிரமே புரை விழுந்தது. அறுவை சிகிச்சையின்போது லென்ஸைத் தாங்கும் உறை கிழிந்துவிட்டதால் செயற்கை லென்ஸ் வைக்க முடியவில்லை. புண் ஆறட்டும், சில மாதம் கழித்து வேறு விதமாக வைக்கலாம் என்று டாக்டர் அனுஜா சொல்லியிருந்தார். அதுவரை சோடா பாட்டில் அடியைப் போல் தடித்த கண்ணாடி. கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தார்: கண்ணுக்குள் மின்னல் மாதிரி ஏதாவது தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வரவேண்டும். விழித்திரை கிழிவதன் அறிகுறி அது.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தாள். மருந்து ஊற்றி, கண்பாவையை விரியவைத்து, நெற்றி விளக்கைப் போட்டு டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"விழித்திரை ஒட்டித்தான் இருக்கு. ஓரத்துல ஒரு இடம் மெலிசா இருக்கு, அதைக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். ஆனா நீங்க சொல்றது அதுனால இல்லைன்னு நினைக்கிறேன். கண்ணாடியைப் போட்டா மறைஞ்சுடுதுன்னு சொல்றீங்களே."

"ஆமா."

"நம்ம கண்ணுல இருக்கற லென்ஸ் புறஊதாக் கதிரைத் தடுத்துடும். உங்களுக்கு அந்த லென்ஸ் இல்ல. கண்ணாடியும் தடுக்கும். அதையும் கழட்டிட்டா கொஞ்சம் உள்ள வரும். விழித்திரைக்கு அதை உணரத் தெரியும் மேடம். இத்தனை நாளா அதுகிட்ட யாரும் கொண்டுபோய்க் காட்டலை, அவ்வளவுதான்."

விஜிலாவுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம்தான். ஆனாலும் கல்லூரிக்குப் போனதும் ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு, சன்னல்களை அடைத்து, கறுப்பு வடிகட்டி மாட்டிய பாதரச விளக்கை எரியவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் மாணவிகளுக்குக் காட்டுகிற சோதனை. விளக்கு ஏறக்குறைய இருட்டாக இருக்கும். அதன் எதிரே வைத்த வெள்ளைத் துணி பளபளக்கும். "இங்க வெளிச்சம் இருக்கு, நமக்குத்தான் தெரியல" என்று சொல்லுவாள். இன்று கண்ணாடியைக் கழற்றினாள். விளக்கே எரிந்தது. கண் கூசும் அளவுக்கு எரிந்தது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். உடனே, யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோல் ஒரு கூச்சம். அதற்கும் பின்னால், கொட்டகைக்கு மேலிருந்த கம்பம் நினைவுக்கு வந்தது. உயர் அழுத்தக் கம்பியைத் தாங்கும் பீங்கானில் உப்பு படிந்தால் மின்சாரம் அதன் மேல்பரப்பில் கசியும். அந்தக் கசிவின் ஒளி பெரும்பாலும் புறஊதாதான். முற்றினால் பீங்கான் வெடிக்கும். கம்பி அறுந்து விழும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜோன்ஸிடம் சொன்னாள். அவன் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்ப்பவன். எதையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் பேசுவான்.

"என்ன கலர்ல தெரியுது?"

"சொல்லத் தெரியல. வெள்ளைன்னா வெள்ளை இல்ல. ஊதான்னா ஊதாவும் இல்ல."

"அதுக்குப் பேரு இல்லியா?"

"பாத்தவுங்க ரொம்பப் பேரு இருந்தால்ல பேரு வைப்பாங்க."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு அதெல்லாம் புரியல விஜி. உனக்கு இருக்கது ஒரு கண்ணு. அந்த லென்ஸைச் சீக்கிரம் வச்சிருவோம்."

மறுநாள் சாயங்காலம் அவனைக் கட்டாயப்படுத்தி உப்பளத்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள். மண்வரப்பில் ஸ்கூட்டர் குதித்துக் குதித்துப் போனது. கொட்டகை வாசலில் பெண்கள் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவளாகத் தெரிந்த வடிவம்மாள் வந்து விசாரித்தாள். வெயிலில் உப்பின் வெண்மையைப் பார்த்துப் பார்த்து அவள் கண்கள் சிவந்து, எப்போதும் நீர் கோத்தபடி இருந்தன.

"யாரைத் தேடுதிய?"

"யாரையும் இல்ல அக்கா. நான் காலேஜ்ல டீச்சரு. இந்தக் கம்பத்தைப் பாக்க வந்தேன். இதுல ஏதாவது வெளிச்சம் பாத்திருக்கியளா?"

வடிவம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "எனக்கு விளக்கைப் பாத்தாலே நாலா தெரியும். மழை பெஞ்சா மட்டும் சில நேரம் உஸ்ஸுன்னு சத்தம் வரும். ஏன் டீச்சர், பயமா?"

"தெரியல."

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஜோன்ஸின் தோளைப் பிடித்தபடி விஜிலா கம்பங்களின் வரிசையோடு நடந்தாள். கொட்டகைக்கு மேலே இருந்த கம்பத்தில் வெளிச்சம் இருந்தது. உள்ளங்கையால் கண்ணை மறைத்தாள், வெளிச்சம் போனது. கையை எடுத்தாள், வந்தது. அப்படியானால் அது வெளியே இருக்கிறது. அடுத்த சில கம்பங்கள் இருட்டு. வாய்க்கால் ஓரத்தில் ஒன்றில் மறுபடியும் வெளிச்சம். கடல்தண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸின் அருகே இருந்த கம்பத்தை நின்று பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை.

கம்பங்கள் அந்த உப்பு ஆலையின் சொந்த லைன். ஆலையின் மின் பிரிவைக் கவனித்துக்கொள்பவர் லிங்கராஜ். ஐம்பதை நெருங்கிய, நிதானமான மனிதர். விஜிலா சொன்னதை நின்றுகொண்டே கேட்டுவிட்டு, கேலி செய்யாமல், வெப்பம் அளக்கும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். கொட்டகைக் கம்பத்தை நோக்கிப் பிடித்தார். பிறகு பக்கத்துக் கம்பம். எண்ணில் மாற்றமே இல்லை.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு மேடம்."

"அது சூட்டைப் பாக்குற கருவி. நான் சொல்லுறது வேற."

"சரி. வேற கருவி இருக்கா?"

"இருக்கு. கேமரா மாதிரி. சென்னையில வாடகைக்குக் கிடைக்கும்னு நினைக்கேன்."

லிங்கராஜ் தலையைத் தடவினார். "நான் உங்களைச் சந்தேகப்படலை. ஆனா ஏறிப் பாக்க லைனை நிறுத்தினா ஆலை நிக்கும். மேனேஜர் ஏன்னு கேப்பாரு. காலேஜ் மேடம் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தாங்க, மத்தவங்க யாருக்கும் தெரியல, மீட்டர்லயும் காட்டலைன்னு நான் எப்படி மேடம் சொல்லுவேன்?"

இதே வார்த்தையைத்தான் விஜிலா இத்தனை வருஷமாக மாணவிகளிடம் சொல்லிவந்திருக்கிறாள். ஒருத்தி பார்த்தது போதாது; இன்னொருத்தி பார்க்கவேண்டும். இருவரும் இல்லாதபோது கருவி பார்க்கவேண்டும். யார் பார்த்தாலும் மாறாததுதான் இயற்பியல்.

ஆகவே கருவியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆய்வகத்திலிருந்த புறஊதா அளவியைக் கறுப்பு பிளாஸ்டிக் குழாய்க்குள் பொருத்தி, கம்பத்தின் உச்சிக்குக் குறிவைத்தாள். திரையில் எண் துடித்தது. இருட்டான கம்பத்துக்குத் திருப்பினாள். அதே துடிப்பு. வானத்துக்குத் திருப்பினாள். அதே துடிப்பு. அளவிக்குள் இருந்த சின்னச் சில்லுக்கு அவ்வளவு தூரத்துக் கசிவின் ஒளி எட்டவில்லை.

கருவி பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். வெயிலையும் விளக்கையும் அளப்பதற்காகச் செய்தது. செய்தவர்கள் தேட நினைத்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதன் எண்ணைக்கூடக் கடைசியில் இந்தக் கண்தான் படிக்கவேண்டும். படித்ததை இந்த மூளைதான் "ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொள்ளவேண்டும். இதற்கு வெளியே போய் நின்று பார்க்க ஓர் இடம் இருப்பதாகத்தான் அவள் இவ்வளவு நாளும் பேசிக்கொண்டிருந்தாள். அந்த இடம் எங்கே என்று இப்போது யாராவது கேட்டால் அவளால் கைகாட்ட முடியாது.

தூக்கம் குறைந்தது. வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றாள். தினமும் லிங்கராஜுக்குப் போன் செய்தாள். அவரும் மேனேஜரிடம் கேமரா விஷயத்தைச் சொன்னார். ஆகட்டும், பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஐப்பசி பிறக்கப்போகிறது. மாதக்கணக்காகக் காய்ந்து கிடக்கும் உப்பின்மேல் முதல் தூறல் விழும் நாள்தான் மிக மோசமானது. கனமழை உப்பைக் கழுவிவிடும். தூறல் அதை நனைக்க மட்டும் செய்யும்; நனைந்த உப்பில் மின்சாரம் இன்னும் எளிதாகக் கசியும்.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் முன்னறையில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். விஜிலா கண்களை மூடியிருந்தாள். மூடிய கண்ணுக்குள், வலது ஓரத்தில், அந்த வெளிச்சம் வந்தது.

வாய் நின்றுவிட்டது. உள்ளங்கையை வைத்துக் கண்ணை அழுத்தி மறைத்தாள். வெளிச்சம் போகவில்லை. ஒரு வில்போல் வளைந்து, மங்கி, மறுபடியும் வந்தது. வெள்ளையும் இல்லாத ஊதாவும் இல்லாத அதே நிறம். துளிகூட வித்தியாசம் இல்லை.

"என்ன விஜி?"

"எனக்குள்ளயும் எரியுது" என்றாள்.

ஜோன்ஸ் உடனே டாக்டருக்குப் போன் செய்தான். அனுஜா வெளியூரில் இருந்தார். காலையில் முதல் ஆளாக வரச்சொன்னார்; அதுவரை குனியக்கூடாது, தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். ஜோன்ஸ் அவளுக்குத் தலையணை அடுக்கினான். விளக்கை அணைக்கப் போனவன் சுவிட்ச் அருகே நின்றான்.

"அப்போ கம்பத்துல பாத்ததும் இதுதான்."

"இல்ல. அங்கன கையை வச்சுப் பாத்தேன். மறைஞ்சுது."

"எல்லாக் கம்பத்துலயுமா?"

விஜிலா யோசித்தாள். கொட்டகைக் கம்பத்தில் கையை வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. வாய்க்கால் கம்பத்தில் வைத்தாளா? வைத்ததுபோலவும் இருந்தது, வைக்காததுபோலவும் இருந்தது. நினைக்க நினைக்க, வைத்த காட்சி மனதில் தெளிவாகிக்கொண்டே வந்தது. அந்தத் தெளிவை அவளால் நம்ப முடியவில்லை. இப்போதுதான் அதைத் தானே செய்துகொள்கிறாளோ என்று பயமாக இருந்தது.

விடிந்தபோது வானம் மூடியிருந்தது. ஆட்டோ வாசலில் நின்றது. ஏறும்போதே விஜிலா சொன்னாள்: "முதல்ல உப்பளத்துக்குப் போயிட்டுப் போவோம்."

ஜோன்ஸ் முதன்முறையாகக் கத்தினான். "ஏளா, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? கிழிஞ்சுகிட்டு இருக்கு கண்ணு! அந்த வரப்புல குலுங்கிக் குலுங்கிப் போவியா?"

"தூறல் விழப்போகுது."

"உன் கண்ணுதான் பிரச்சினைன்னு நேத்தே தெரிஞ்சு போச்சே!"

"தெரியல. எனக்கும் தெரியல. அதான் போகணும்னு சொல்லுதேன். கண்ணுதான்னு உறுதியாத் தெரிஞ்சா நான் ஏன் போகச் சொல்லப்போறேன்?"

அவன் அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஆட்டோக்காரரிடம் வழி சொன்னான். வரப்புக்கு முன்னாலேயே அவளை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு, ஓடிப்போய் வடிவம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமையும் உப்பு வாருகிற வேலை இருந்தது. மழைக்கு முன்னால் குவியலை மூடவேண்டும். வடிவம்மாள் மூச்சிரைக்க வந்தாள்.

"அக்கா, இன்னைக்கு மழை வந்தா கொட்டகைக்குள்ள நிக்காதீங்க. அந்தக் கம்பத்துல கரண்ட் கசியுதுன்னு நினைக்கேன். என் கண்ணுலயும் கோளாறு இருக்கு. அதனால நான் பாத்தது நிசமா இல்லியான்னு எனக்கே உறுதியில்ல. இருந்தாலும் நிக்காதீங்க."

வடிவம்மாள் அவள் முகத்தையும் ஜோன்ஸின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி டீச்சர். மழைன்னா எங்கன போயி நிக்க? இடியும் இடிக்குமே. குடோனைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. பம்ப் ஹவுஸ்தான் இருக்கு. அங்கன நிக்கலாமா?"

விஜிலா கண்ணை மூடி, அன்றைய மாலையை நினைவுக்குக் கொண்டுவந்தாள். பம்ப் ஹவுஸ் கம்பம். இருட்டு.

"அந்தக் கம்பத்துல நான் ஒண்ணும் பாக்கல" என்றாள்.

"அப்ப அங்கனயே நிக்கோம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அனுஜா பார்த்ததும் சொல்லிவிட்டார். மெலிந்திருந்த இடத்தில் சின்னக் கிழிசல். தாமதிக்காமல் லேசர் வைத்துச் சுற்றிலும் ஒட்டவேண்டும். கருவியில் முகவாயை வைத்து உட்கார்ந்தாள். பச்சை வெளிச்சம் அடி அடியாக விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் பின்னந்தலையில் வலித்தது. வெளியே தகரத்தில் தூறல் விழும் சத்தம் கேட்டது. ஆடாதீங்க மேடம், ஆடாதீங்க என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் ஆடவில்லை. விரல்கள் மட்டும் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தன.

முடிந்து வெளியே வந்தபோது ஜோன்ஸ் கையில் போனை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். அவன் நின்ற விதமே சொல்லிவிட்டது.

"கொட்டகையா?"

"இல்ல" என்றான். "பம்ப் ஹவுஸ்."

தூறல் வலுத்ததும் பெண்கள் எல்லோரும் பம்ப் ஹவுஸுக்குள் ஒண்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே குண்டு போட்டதுபோல் சத்தம். கம்பத்தின் பீங்கான் சிதறி, கூரை ஓட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்திருக்கிறது. ஒரு துண்டு வடிவம்மாளின் தோளைக் கிழித்துவிட்டது. அறுந்த கம்பி வாசலுக்குச் சற்றுத் தள்ளி விழுந்தது. அதற்குள் லைன் தானாகவே நின்றுவிட்டதால் யாருக்கும் மின்சாரம் பாயவில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். இதையெல்லாம் லிங்கராஜ் போனில் சொன்னதாக ஜோன்ஸ் சொன்னான். விஜிலாவுக்கு "பம்ப் ஹவுஸ்" என்ற சொல்லுக்குப் பின்னால் சொன்ன எதுவும் சரியாகக் காதில் விழவில்லை.

கண்ணில் கட்டோடு இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்ததும் அரசு மருத்துவமனைக்குப் போனாள். வடிவம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கழுத்திலிருந்து கைவரை கட்டு.

"அக்கா" என்றாள் விஜிலா.

"வாங்க டீச்சர்." வடிவம்மாளின் குரலில் கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "நீங்க சொன்ன எடத்துலதான் நின்னோம்."

"ஆமா."

"கொட்டகையிலயே நின்னிருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

விஜிலா தலையசைத்தாள். அப்படித்தான் அவளும் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் லிங்கராஜ் உள்ளே வந்தார். பழம் கொண்டுவந்த பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். "நேத்து லைனை நிறுத்திட்டுக் கொட்டகைக் கம்பத்துல ஆளை ஏத்தினேன். பாருங்க."

பீங்கானின் மேல் உப்பு சுண்ணாம்பு பூசினதுபோல் இறுகியிருந்தது. அதன் நடுவே, மேலிருந்து கீழ்வரை, கருகிய கோடு. பாதி வெந்துபோயிருந்தது.

"அன்னைக்குப் பம்ப் ஹவுஸ் கம்பம் வெடிச்சு லைன் நின்னதாலதான் இது தப்பிச்சுது. இல்லன்னா இது போயிருக்கும். நீங்க சொன்னது சரி மேடம்."

வடிவம்மாள் படத்தை வாங்கி, கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து, நீண்ட நேரம் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வாய்க்கால் கம்பம்?" என்று கேட்டாள் விஜிலா.

லிங்கராஜ் தயங்கினார். "அது சுத்தமாத்தான் இருந்துச்சு. ஒரு கீறல்கூட இல்ல."

"பம்ப் ஹவுஸ்ல ஏன் வெடிச்சுது?"

"அது உள்விரிசல். வெளிய ஒண்ணும் தெரியாது. தண்ணி உள்ள இறங்கிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, முன்னெப்போதும் இல்லாத மரியாதையோடு சொன்னார்: "மேடம், ஒரு உதவி செய்யணும். கண்ணுப் புண் ஆறினதும், லென்ஸ் வைக்கிறதுக்கு முன்னால, மிச்சக் கம்பத்தையெல்லாம் ஒரு தடவை பாத்துச் சொல்லிருங்க. எதுல வெளிச்சம் இருக்கோ அதைக் கழுவி மாத்திருவோம். மத்ததை விட்டுருவோம். மேனேஜரே கேக்கச் சொன்னாரு. அவருக்கு இப்ப நம்பிக்கை வந்துட்டு."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் எத்தனையோ நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இப்போது அதைக் கேட்டதும் பயம்தான் வந்தது. நம்பாதபோது இருந்த பயத்தைவிட இது பெரிதாக இருந்தது. அவள் வரப்பில் நடந்து, ஒவ்வொரு கம்பமாக அண்ணாந்து பார்த்து, இது இருட்டு, இது இருட்டு என்று சொல்லிக்கொண்டே போவதும், அந்த இருட்டுக் கம்பங்களின் கீழே பெண்கள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவதும் கண்முன்னே வந்தது.

"நான் பாக்கமாட்டேன்" என்றாள்.

"மேடம்?"

"மேனேஜருக்குப் போன் போடுங்க. நானே பேசுதேன்."

லிங்கராஜ் போன் போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் மேனேஜர் பாண்டித்துரை நன்றி சொல்ல ஆரம்பித்தார். விஜிலா இடைமறித்தாள்.

"சார், நான் ரெண்டு கம்பத்துல வெளிச்சம் பாத்தேன். ஒண்ணு சரி. இன்னொண்ணுல அப்ப என்னமோ இருந்து போச்சா, இல்ல என் கண்ணு காட்டுச்சான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. மூணாவது ஒண்ணைப் பாத்து ஒண்ணும் தெரியலன்னு சொன்னேன். அதுதான் வெடிச்சுது. மூணும் எனக்கு ஒரே மாதிரி உறுதியாத்தான் தெரிஞ்சுது."

"அப்ப உங்க கண்ணை வச்சு என்ன மேடம் பிரயோஜனம்?"

"இருக்குன்னு நான் சொன்னா ஏறிப் பாருங்க. இல்லன்னு சொன்னா அதை எடுத்துக்காதீங்க. எனக்குத் தெரியல, அவ்வளவுதான். அந்தக் கேமரா வந்தாலும் அதுக்கும் இப்படித்தான். எல்லாக் கம்பத்தையும் கழுவுங்க சார், பீங்கானை எல்லாம் சோதிங்க. பொம்பளைகளுக்குக் கம்பி போகாத இடத்துல ஒரு கொட்டகை போட்டுக் கொடுங்க."

"எல்லாத்தையும்னா ஆலையை நாலஞ்சு நாள் நிறுத்தணுமே."

வடிவம்மாள் கட்டிலிலிருந்து, போனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "நிறுத்தலன்னா நாங்க ஒருத்தரும் உள்ள வரமாட்டோம்னு சொல்லுங்க."

வடிவம்மாள் சொன்னபடியே பெண்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. மழைக்காலம் என்பதால் ஆலைக்கும் பெரிய அவசரமில்லை. கார்த்திகைக்குள் லைன் முழுவதும் ஏறி இறங்கிச் சோதித்தார்கள். இன்னும் இரண்டு கம்பங்களில் உள்விரிசல் இருந்ததாக லிங்கராஜ் தெரிவித்தார். அவை எந்தக் கம்பங்கள் என்று விஜிலா கேட்கவில்லை. அன்று அவற்றை என்னவாகப் பார்த்தோம் என்று யோசிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தை மாதம் லென்ஸ் வைத்தார்கள். அறுவை அறைக்குப் போகும் முன் அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. புது லென்ஸ் இந்த ஒரு சன்னலை மூடிவிடுவதற்கு முன் இன்னும் நிறையப் பார்த்து வைத்திருக்கலாம்; பூக்கள், பறவைகள், வானம். ஆனால் அந்த மாதங்களில் அவள் கண்ணாடியைக் கழற்றவே பயந்துகொண்டிருந்தாள். கட்டை அவிழ்த்ததும் சுவரிலிருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை வாசித்தாள். ஜோன்ஸ் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

மாசியில் பாத்திகளில் மறுபடியும் தண்ணீர் கட்டினார்கள். வடிவம்மாள் வேலைக்குத் திரும்பிய அன்று காலையில் விஜிலா அங்கே போனாள். கம்பங்களிலிருந்து வெகுதூரம் தள்ளி, வெட்டவெளியில் புதுக் கொட்டகை நின்றது. தகரம் வெயிலில் பளபளத்தது. பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு வெளியே நின்றார்கள். யாரும் முதலில் உள்ளே போகவில்லை. வடிவம்மாள் தோளைச் சற்றுச் சாய்த்தபடி கொட்டகையையும் வானத்தையும் பார்த்தாள். பிறகு விஜிலாவைப் பார்த்தாள்.

"இங்கன உக்காரலாமா டீச்சர்?"

விஜிலா மேலே பார்த்தாள். ஒரு கம்பியும் இல்லை. நீல வானம், மேகமில்லாமல், மிகத் துல்லியமாக இருந்தது. உக்காருங்க என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அப்படிச் சொல்லவில்லை.

"நானும் உக்காருதேன் அக்கா" என்று சொல்லிவிட்டு, குனிந்து, முதல் ஆளாக உள்ளே போனாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக உள்ளே வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வடிவம்மாள் வலிக்காத கையால் தூக்குவாளியைத் திறந்து, மூடியில் கொஞ்சம் கஞ்சியை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள்.